பலமனேரில் ஒரு வைஸ்ராய் போர்ட்டிகோ

ராஷ்டிரபதி பவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த சூட்டோடு யாரும் வீட்டுக்கு பிளான் போடக்கூடாது. நான் போட்டேன். அதனால்தான் பலமனேரில், தக்காளி வண்டி திரும்பவே திணறும் ஒரு சந்தில், என் வீட்டு வாசலில் இரண்டு ரோமானியத் தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே கம்பீரமாக என் பழைய ஸ்கூட்டர்.

அந்த அரண்மனை வைஸ்ராய்க்காகக் கட்டியது. தலைநகரை கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். எட்வின் லட்யன்ஸ் வரைந்து கொடுக்க, 1929-ல் வேலை முடிந்தது. 340 அறைகள். என் வீட்டில் ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால். ஆனால் சாம்ராஜ்யம் என்பது மனசில் இருக்கிறது என்று நினைத்தேன். லோன் கொடுத்த பேங்க் அப்படி நினைக்கவில்லை.

டெல்லிக்குப் போவதற்கு முந்தின ராத்திரி டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று மூன்று வகைத் தூண்களை செல்போனில் படித்து வைத்திருந்தேன். அங்கே முதல் தூணைப் பார்த்ததுமே, கூட வந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி “கொரிந்தியன்” என்றேன். கைடு புன்னகையோடு திரும்பினார். மூன்றும் இல்லையாம். லட்யன்ஸ் தானே உண்டாக்கிய ‘டெல்லி ஆர்டர்’. உச்சியில் நாலு மூலையிலும் கல்லில் செதுக்கிய மணி தொங்கும். சரி, டோமிலாவது மானத்தைக் காப்பாற்றலாம் என்று “லண்டன் செயின்ட் பால்ஸ் மாதிரியே இருக்கு” என்றேன். சாஞ்சி ஸ்தூபியாம். அதற்குப் பிறகு நான் கூட்டத்தின் கடைசியில் நடந்தேன்.

அந்த மணிகளின் கதைதான் என்னைக் கவிழ்த்தது. மணி அடித்தால் ராஜ்ஜியம் முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கல் மணி அடிக்காதே, ஆகவே ஆட்சி நிரந்தரம் என்று வடித்தார்களாம். புது டெல்லிக்குத் திறப்பு விழா 1931-ல். மூட்டை கட்டியது 1947-ல். இதில் இன்னொன்று, மணிகளின் மூலமே மூடபித்ரி சமணக் கோயில் என்கிறார்கள். எங்கள் பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் ஏறி, அங்கே இன்னொரு பஸ் மாறினால் மூடபித்ரி வந்துவிடும். நான் டெல்லி வரை ரயில் டிக்கெட் எடுத்துப் போய், கர்நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் மேஸ்திரியைக் கூப்பிட்டு மணி வைத்த தூண் கேட்டேன். “மோல்டுல இலைதான் வருது சார், மணி லேது” என்றார். விடுவேனா? டெரகோட்டாவுக்குப் பேர் போன ஊர் எங்களுடையது. சுட்ட மண்ணில் தூணுக்கு நாலு மணி செய்யச் சொல்லி, இலைகளுக்கு நடுவே ஒட்ட வைத்தேன். முதலில் குளவிகள் குடிவந்தன. அடுத்த மழையில் ஒரு மணி கழன்று பால்காரரின் கேன் மேல் விழுந்தது. நல்ல கணீர் சத்தம். அந்த நம்பிக்கைப்படி பார்த்தால் என் ஆட்சி அன்றைக்கே முடிந்துவிட்டது.

வைஸ்ராய் தர்பாரில் யாருக்கு முன்னால் யார் நடப்பது, யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்பதற்கெல்லாம் அச்சடித்த வரிசை உண்டு. விருந்து ஹாலில் 104 பேர் உட்காரும் நீள மேஜை. சுவரில் படங்களுக்கு மேலே கலர் விளக்குகள். ஒரு நிறம் எரிந்தால் பரிமாற வேண்டும், இன்னொரு நிறம் எரிந்தால் தட்டை எடுக்க வேண்டும். யாரும் வாயைத் திறக்க வேண்டாம். நாமும் சமையலறைக்கு ஒரு சிவப்பு பல்பு போட்டால் என்ன என்று வீட்டில் கேட்டேன். “மூணு தடவ கூப்பிட்டே வராதவரு, லைட் போட்டா வந்துடுவீங்களா?” என்றாள் மனைவி. அந்த வரிசையையாவது கிரகப்பிரவேசப் பந்தியில் அமல்படுத்தலாம் என்று பார்த்தேன். ரெண்டாம் பந்திக்கு ஒதுக்கப்பட்ட மச்சான் அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. (இதை முழு நஷ்டம் என்று சொல்லமாட்டேன்.)

ஆனால் லட்யன்ஸ் மேல் எனக்குப் பாசம் வந்த இடம் வேறு. விஜய் சௌக்கில் நின்று பார்த்தால், முன்னால் ஹெர்பர்ட் பேக்கர் கட்டிய ரெண்டு செயலகங்களும் ஜம்மென்று நிற்கின்றன. நடுவில் ஏறும் சாலை அரண்மனையை விழுங்கிவிடுகிறது. டோமின் தலை மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். தப்பான இடத்தில் இறக்கிவிட்டார் என்று ஆட்டோக்காரரிடம் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சண்டை போட்டேன். நல்லவேளை, அவருக்குப் புரியவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அரண்மனையைப் பின்னால் தள்ளவும், சாலையின் சரிவு இவ்வளவுதான் என்றும் 1913-லேயே லட்யன்ஸ் ஒத்துக்கொண்டிருக்கிறார். கட்டடம் எழும்ப எழும்பத்தான் விபரீதம் உறைத்திருக்கிறது. சரிவைக் குறைக்கச் சொல்லி வைஸ்ராய்களிடம் மன்றாடினார், ராஜா வரைக்கும் போனார். ஒன்றும் நடக்கவில்லை. பேக்கரோடு பேச்சு முறிந்ததுதான் மிச்சம்.

நானும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தேன், காம்பவுண்டு சுவருக்கு. கௌண்டின்யா காட்டு யானைகள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் வந்து போகும் என்பதால் ஏழடி போதும் என்று முடிவு செய்தேன். ஏழடிச் சுவர் யானைக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது யானைக்குத் தெரியும். “சொவரு அவ்ளோ ஒசந்தா தூணு எப்படிங்க தெரியும்?” என்று மனைவி அன்றைக்கே கேட்டாள். பெண்களுக்கு எலிவேஷன் புரியாது என்றேன். இன்றைக்குத் தெருவில் நின்று பார்த்தால் இலையும் குளவிக்கூடும் தெரியும். அவளுக்குப் புரிந்திருந்தது.

உள்ளே போனால் ஹால் கூரை பதினாலு அடி. அரண்மனை என்றால் தலைக்கு மேலே காற்றோட்டம் வேண்டாமா? ஆனால் எங்கள் ஊர் ரெண்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிற மேட்டு நிலம். ஊட்டிக்கு வழி பிறக்கும் முன்னால் சென்னை வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற வந்து தங்கிய ஊர். மார்கழியில் அந்த ஹாலில் படுத்தால் வெள்ளைக்காரனுக்கு வேண்டுமானால் தேறும். நாங்கள் எல்லோரும் சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், பாய் விரித்துப் படுக்கிறோம்.

இதில் எனக்கு ஒரு பெரிய மனிதர் துணை உண்டு. 1948-ல் கவர்னர் ஜெனரலாகப் போன ராஜாஜி, வைஸ்ராயின் படுக்கையறை ரொம்ப ஆடம்பரம் என்று சின்ன அறைக்கு மாறிக்கொண்டார். உணவுப் பஞ்சம் என்று வளாகத்தில் ஒரு பகுதியை உழுது கோதுமையும் போடச் செய்தார். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “அவரு அந்த அரமனைய லோன் போட்டுக் கட்டலையே” என்றாள்.

போன வாரம், அடுத்த தெருவில் மனை வாங்கியிருக்கும் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கேட்டைத் திறந்து உள்ளே விட்டேன். தூணை மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தார், ரெண்டு அடி பின்னால் போய் போட்டோ எடுத்தார். “டெல்லி மாதிரியே இருக்கு அண்ணா” என்றார். காம்பவுண்டு, குளவி, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் மனிதர் டெல்லி என்றுவிட்டார். மேஸ்திரி நம்பரை மட்டும் கொடுத்தேன்.