லப்டொப் எழும்பேல்லை, போட் வெளிக்கிட்டுது

நெடுந்தீவில் ஒரு லப்டொப் எழும்பாமல் படுத்துவிட்டால், விசயம் தெரிந்தவர் முதலில் முற்றத்துக்கு வந்து காற்றைப் பார்ப்பார். சோளகம் எப்படி வீசுகிறது, காலைப் போட் ஓடுமா, பின்னேரம் திரும்புகிற போட்டைப் பிடிக்கலாமா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் பவர் பட்டனில் கை வைப்பார். குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். குமுதினி என்கிற போட் வந்தாலென்ன, வடதாரகை என்கிற போட் வந்தாலென்ன, கடல் அதே கடல்தான். இறங்கி, புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பஸ்ஸில் போனால் யாழ்ப்பாணம். கொழும்பில் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் முடிக்கிற அலுவலுக்கு இங்கே ஒருநாள் லீவு எழுதிக் கொடுக்கவேண்டும். ஊர்காவற்றுறையார் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்குத் தரைவழி இருக்கிறது. காரைநகர்ப் பக்கம் போகப் ‘பாதை’ என்கிற மிதவையும் வரும். நெடுந்தீவார் பெட்டியின் வருத்தம் இன்னதென்று ஒரு மட்டுக்குப் பிடிபட்ட பிறகே பயணம் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கடை மேசையில் வைத்த உடனே பெட்டி ஒன்றும் நடக்காததுபோல் எழும்பும். அந்த வெட்கத்துக்கு அது செத்தே போயிருக்கலாம்.

ஒரு பள்ளிக்கூட மாஸ்டருக்கு நடந்ததைக் கேளுங்கள். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அனுப்பவேண்டிய கிழமை. பட்டனை அமத்தினால் விளக்கு எரிகிறது, உள்ளே ஃபான் இரைகிறது, திரை மட்டும் கறுப்பு. ஐந்து நிமிசத்தில் விறாந்தையில் ஒரு வைத்திய சபை கூடிவிட்டது.

“ராத்திரி கரண்ட் கூடிக் குறைஞ்சு வந்தது மாஸ்டர். மதர்போட்டை அடிச்சுப்போட்டுது” என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. கடல் தொழிலாளி. லப்டொப் எதையும் கழற்றிப் பார்த்தவரல்லர், ஆனால் தீர்ப்பில் தளம்பல் கிடையாது.

“வைரஸ் சேர்” என்றான் ஏ.எல். படிக்கிற பெடியன்.

“அரிசிப் பானைக்குள்ள ஒரு நாள் வைச்சு எடுங்கோவன்” என்றார் அண்ணையின் மனைவி.

மாஸ்டரின் தாயார் கடைசியாகச் சொன்னார்: “நயினாதீவு அம்மாளுக்கு ஒரு நேர்த்தியை வை மோனை.” சபையில் செலவுக் கணக்கு இல்லாமல் வந்த ஒரே யோசனை இதுதான் என்று நினைத்துவிடக்கூடாது. நயினாதீவுக்குப் போவதென்றாலும் குறிகட்டுவானுக்குப் போட் எடுத்து, அங்கே இன்னொரு போட் மாறவேண்டும்.

அண்ணையின் தீர்ப்பை லேசில் தள்ளிவிட ஏலாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் நாட்டின் பொது மின்வலையோடு தொடர்பு இல்லை. டீசல் ஜெனரேற்றர் ஓடினால்தான் வெளிச்சம். இந்தக் கரண்டுக்காகப் பெரிய நாடுகளே முகம் முறித்துக்கொண்டன. 2021இல் மூன்று தீவுகளிலும் சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிற வேலையை ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுக்கக் கொழும்பு முடிவெடுத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று டெல்லி முகத்தைச் சுளித்தது. இழுபறிப்பட்டு, 2024 மார்ச்சில் இந்தியா தருகிற 11 மில்லியன் டொலர் நன்கொடையில் பெங்களூர்க் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் எழுதினார்கள். திட்டத்தின்படி காற்றில் 530 கிலோவாட், சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், சேமித்து வைக்க 2,400 கிலோவாட் மணி கொள்ளக்கூடிய பற்றரி. மூன்று தீவு விளக்கெரிய இவ்வளவு இராசதந்திரம் வேண்டியிருக்கும்போது, மாஸ்டரின் லப்டொப்பில் ஒருவரும் வெளிநாட்டுச் சதியைக் காணாதது அதிசயம்.

ஆனாலும் கரண்ட் கூடிக் குறைவதற்கு லப்டொப் அவ்வளவு லேசில் சாகாது. சார்ச்சரைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதை வாசித்தால் 100இலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும் என்றிருக்கும். மங்கிய கரண்ட் அதற்குப் பெரிய விசயமில்லை. சடாரென்று ஏறுகிற கரண்ட் கெடுதல்தான், அப்போதும் அநேகமாக முதலில் உயிரை விடுவது சார்ச்சர். அதற்கும் முன்னால் சந்தேகிக்கவேண்டியவர் ஒருவர் இருக்கிறார்: மல்டி பிளக். வட்டக்கால் பிளக்கும் சதுரக்கால் பிளக்கும் ஒரே வீட்டில் குடியிருக்கிற நாட்டில், இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கிற அந்த வெள்ளைச் சாமான் கெடுத்த நித்திரை கொஞ்சமல்ல. மாஸ்டர் பிளக்கை மாற்றிப் பார்த்தார். சார்ச்சரைக் கழற்றி, பற்றரியையும் கழற்றி, பட்டனை அரை நிமிசம் அமத்திப் பிடித்தார். உள்ளே மிச்சம் தங்கிய மின்சாரம் வடிந்துபோக இது நல்ல வழி, காசும் இல்லை. பெட்டி அசையவில்லை. இருட்டில் ரோர்ச் லைட்டைத் திரையில் சரித்துப் பிடித்தும் பார்த்தார். மங்கலாக ஏதும் படம் தெரிந்தால், பெட்டி எழும்பிவிட்டது, திரையின் பின்விளக்குத்தான் போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றும் தெரியவில்லை.

அரிசிக்கு வருவோம். நனைந்த சாமானை அரிசிக்குள் புதைக்கிற வைத்தியம் உலகம் முழுக்க இருக்கிறது. ஐபோனை அப்படி வைக்காதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பனியே 2024இல் தன் வாடிக்கையாளருக்குச் சொன்னது. மாஸ்டரின் லப்டொப் நனையவும் இல்லை, பானைக்குள் அடங்கவும் இல்லை. ஆனால் அண்ணையின் மனைவி ஈரத்தைச் சந்தேகித்தது பிழையில்லை. தீவுக் காற்றில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் தூள் தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அந்தக் கசிவு செம்பைப் பச்சையாக்கும், இரும்பைத் துருவாக்கும். லப்டொப்பின் ஃபானோ நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் உள்ளுக்கு இழுக்கிறது.

பெடியனின் வைரஸ் நிற்கவே இல்லை. விண்டோஸ் கண் விழிக்க முன்னமே நின்றுபோன பெட்டி அது. இந்தக் காலத்தில் கணினிகளைக் கூட்டமாகப் படுக்கப் போட்ட பெயர்பெற்ற சம்பவத்திலும் வைரஸ் குற்றவாளியாக இருக்கவில்லை. 2024 யூலை 19 அன்று உலகம் முழுக்க 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்தான் காரணம். காவலுக்கு வைத்தவர் கதவைப் பூட்டித் திறப்பைக் கிணற்றுக்குள் போட்ட கதை. பெட்டி பெட்டியாகப் போய் சேஃப் மோடில் எழுப்பி, ஒரே ஒரு கோப்பை அழிப்பதுதான் மருந்து. மைக்ரோசொஃப்ட் தன் கிளவுட் வாடிக்கையாளருக்கு இன்னொரு யோசனையும் சொன்னது: 15 தரம் வரைக்கும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், சிலருக்குச் சரிவந்திருக்கிறது. இதையே விறாந்தையில் மாஸ்டரின் தாயார் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்த படம் அன்று உலகம் சுற்றியது. போட்டேறிப் பழகியவர்கள் அதைப் பார்த்து அசந்திருக்க மாட்டார்கள்.

ரீஸ்டார்ட் என்றதும் இடையில் ஒரு விசயம். விண்டோஸ் 8 வந்த 2012 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்தால் பல கணினிகள் முழுக்க நிற்பதில்லை. சீக்கிரம் எழும்புவதற்காக உள்நிலையில் ஒரு பங்கைச் சேமித்து வைத்துக்கொண்டு படுக்கும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு இரவும் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் படுக்கிற கட்டுப்பாடான மனிதருக்குத்தான் பழைய கோளாறு காலையில் அப்படியே காத்திருக்கும். இது எந்த ஊர் நியாயமோ தெரியாது.

அண்ணையைச் சும்மா கதைக்கிறவர் என்று வாசகர் தள்ளிவிடக்கூடாது. அவர் 1990க்குப் பிறகு தீவை விட்டு இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்தவர். போரும் பொருளாதாரத் தடையுமான காலம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்த சாமான், பெற்றோல் துளிக்கணக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் றேடியோச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்தார்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது என்பதால், முதலில் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஸ்டார்ட் ஆகாத சாமான்களோடு ஐந்தாறு வருசம் குடும்பம் நடத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் கழற்ற முன்னம் ஒரு கேள்வி கேட்பார்கள். அண்ணையும் கேட்டார்.

“கடைசியா நல்லா வேலை செய்தது எப்ப? அதுக்குப் பிறகு இதுக்கு என்ன நடந்தது?”

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் நல்லாய் வேலை செய்தது. சனிக்கிழமை போட்டில் வந்தது. அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு. பை போட்டின் தட்டில் கிடந்து குதித்தது, தூவானமும் அடித்தது. அதற்குப் பிறகு எழும்பவில்லை. யாழ்ப்பாணத்துக் கடைக்குக் கொண்டுபோவதற்கு எந்தப் போட்டை நம்பியிருந்தார்களோ, அந்தப் போட்டே கொடுத்த வருத்தம்.

அப்போதுதான் பெடியன் ஒரு நல்ல வேலை செய்தான். கேப்ஸ் லொக் விளக்கு ஒரு கணக்கோடு மினுங்குவதைக் கண்டு எண்ணத் தொடங்கினான். வெளிச்சவீட்டின் மினுக்கத்தை எண்ணி எந்தத் துறை என்று கடலில் அறிகிற மாதிரித்தான் இதுவும். திரையில் எழுத வழியில்லாத கணினி விளக்கால் பேசும். எத்தனை மினுக்கத்துக்கு என்ன கோளாறு என்று அந்தந்தக் கம்பனியின் கையேட்டில் இருக்கும். போனில் சிக்னல் வருகிற மூலையில் நின்று தேடினான். மெமரி.

சின்னத் திருப்புளியால் அடிமூடியைக் கழற்றினார்கள். உள்ளே தூசும், தூசோடு வெள்ளையாய் ஒரு படிவும். மெமரித் துண்டு ஒரு பக்கம் கிளம்பி நின்றது. இரண்டு பக்கக் கொளுக்கியையும் விலக்க, அது தானாகச் சரிந்து எழும்பியது. விரல் நீளப் பச்சைத் தகடு. விளிம்பில் தங்க முலாம் பூசிய 260 தொடுமுனைகள், சில இடங்களில் கறுத்துப் போய். மாஸ்டர் மேசை லாச்சியிலிருந்து பிள்ளைகளின் அழிறப்பரை எடுத்து, ஒரே திசையில் மெதுவாக உரசினார். கறுப்பு உருண்டு உருண்டு அழிறப்பர்ப் பொடியோடு விழுந்தது. பொடியை வெளியே ஊதித் துடைத்து, தகட்டைச் சரித்துச் செருகி, ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அமத்தினார். பற்றரி, பட்டன். திரை வெளித்தது. புள்ளி விபரம் அன்றைக்கே போனது. மதர்போட் என்று தீர்ப்புச் சொன்ன அண்ணை, “நான் அப்பவே சொன்னனான்” என்றார்.

எல்லாப் பெட்டியும் அழிறப்பருக்கு மசியாது. இப்போதைய மெல்லிய லப்டொப்புகளில் மெமரியைத் தகட்டோடு ஈயம் வைத்து ஒட்டியே விடுகிறார்கள். அவை போட் ஏறத்தான் வேண்டும். புதிது வாங்கலாமே என்று வெளிநாட்டிலிருந்து சொல்வது சுலபம். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில கிழமைகளில் 360ஐத் தொட்டதும், நாட்டில் ஒருநாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியதும் அதற்குள் மறக்கக்கூடியவை அல்ல. அந்த வருசத்துக்குப் பிறகு வீடுகளில் பழைய லப்டொப்புக்கு மரியாதை கூடியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் லப்டொப் திருத்துகிற தம்பி ஒருவருக்குத் தீவாரைப் பற்றி ஒரே முறைப்பாடுதான். பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி, துவாயில் பொதிந்து, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரிக் கொண்டுவருவார்களாம். சார்ச்சர் வீட்டில் இருக்குமாம். ஆகவே போட் ஏறுகிறவர்கள் சார்ச்சரையும் எடுங்கோ. கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதுங்கோ. விண்டோஸ் பூட்டுப் போட்டு வைத்திருந்தால் அதன் 48 இலக்கத் திறப்பையும் தேடி எழுதுங்கோ, அது இல்லாமல் உள்ளே இருக்கிற படங்களை எடுக்க ஏலாது. பற்றரி வீங்கி அடிமூடி கிளம்பி நின்றால் சார்ச் போடாதேயுங்கோ, குத்தாதேயுங்கோ, சனம் நிறைந்த போட்டில் கொண்டுவரவும் வேண்டாம். முதலில் கடைக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ.