கட்டில்மேல் ஒரு ஏக்கர்

புனே நகரத்தில் ஒரு மனிதன் எதைச் சேர்த்து வைத்தாலும் அவனை யாரும் உடனே பைத்தியம் என்று சொல்லிவிடுவதில்லை. பொருட்காட்சிசாலை வைக்கப்போகிறானோ என்னவோ என்று ஒரு தலைமுறைக் காலம் பொறுத்துப் பார்க்கிறார்கள். இந்தப் பொறுமைக்குக் காரணம் இல்லாமலில்லை. தினகர் கேள்கர் என்பவர், பிள்ளைப் பிராயத்தில் இறந்துபோன தம் மகன் ராஜாவின் நினைவாக ஊர் ஊராய் அலைந்து, விளக்கென்றும் பாக்குவெட்டியென்றும் கதவென்றும் ஆயிரக்கணக்கில் சேகரித்து, கடைசியில் அத்தனையையும் சர்க்காருக்கே கொடுத்துவிட்டுப் போனார். சுக்ரவார் பேட்டையில் இன்றும் ஜனங்கள் சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கிறார்கள். கோத்ரூடில் ஜோஷி குடும்பத்தாரின் சிறு ரயில் காட்சிசாலை இருக்கிறது. அங்கே பேரக்குழந்தையை முன்னிட்டு நுழைகிற பெரியவர்கள், பேரக்குழந்தை தூங்கிவிட்ட பிறகும் வெளியே வருவதில்லை. இப்படிப்பட்ட ஊரில், டிராக்டர், டிரெய்லர், கலப்பை, அறுவடை இயந்திரம் முதலிய விவசாய வாகனப் பொம்மைகளைச் சேர்த்து வருகிற என்னை அக்கம்பக்கத்தார் மரியாதையுடனேயே நடத்துகிறார்கள். ஆனால் என் மனைவி புனேயில் பிறந்தவளல்லள், கும்பகோணத்துக்காரி.

எங்கள் குலத்தில் கடைசியாக மேழி பிடித்தவர் யார் என்பது சரித்திர ஆராய்ச்சிக்கு உரிய விஷயம். பாட்டனார் காவிரிப் பாசனத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் இருந்தபடியே விவசாயம் செய்தவர். தகப்பனார் அந்தச் சிரமமும் வேண்டாமென்று விற்றுவிட்டு, ராணுவக் கணக்கு இலாகாவில் குமாஸ்தாவாகிப் புனேக்கு வந்து ராஸ்தா பேட்டையில் குடியேறினார். ஆகவே உழவுத் தொழிலைப்பற்றி எனக்குள்ள ஞானம் முழுவதும் பொம்மை மார்க்கமாகவே சித்தித்தது.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் நுங்கு வண்டி. நுங்கைத் தோண்டித் தின்றபின் எஞ்சும் இரண்டு பனங்காய்க் கூடுகளை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். இரண்டொரு நாள் வெயிலில் சக்கரம் சுருங்கிக் கோணிக்கொண்டுவிடும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புனேக்குத் திரும்பினால் துளசிபாகில் வாங்கிய தகர டிராக்டர். சாவி முடுக்கினால் கடகடவென்று ஓடும். அதன் சாரதியை இடப்பாதி வலப்பாதியாகத் தகரத்தில் அச்சடித்துக் காதோரத்தில் மடக்கிப் பொருத்தியிருந்தார்கள். பொருத்தியவருக்கு என்ன அவசரமோ, இடப்பாதி மீசை வலப்பாதி மீசையைவிட ஒரு நூல் மேலேறி நின்றது. தலையில் தொப்பியும் கழுத்தில் டையும் அணிந்து உழவுக்குப் புறப்பட்ட மனிதனை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. கட்டிலின்மேல் போர்வையை மடித்து மடித்து வரப்பு கட்டி, அந்தத் துரை மகனை நான் ஏவி உழுவித்த உழவில், தலையணைகளெல்லாம் மூன்று போகம் விளைந்தன.

பிற்பாடு வந்தது ஜான் டியர் லான்ஸ். மேட்ச்பாக்ஸ் கம்பெனியார் 1964இல் வெளியிட்ட, இரண்டங்குல நீளமுள்ள பச்சை டிராக்டர், மஞ்சள் சக்கரம், பின்னே மாட்டிக்கொள்ள மூன்று பீப்பாய் ஏற்றிய டிரெய்லர். தீப்பெட்டியில் அடங்கும் சாமானைத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். அதற்காக ஜாக் ஓடெல் என்பவர் தம் மகளுக்குப் பித்தளையில் சின்ன ரோட் ரோலர் ஒன்று செய்துகொடுக்கப்போய் அந்த வியாபாரமே பிறந்தது என்று சொல்லுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டியே கூடாதென்று விதி. இல்லாவிட்டால் நானும் ஏதாவது கண்டுபிடித்திருப்பேன். ஒரு விஷயத்தை மட்டும் பெருமையோடு குறிப்பிடலாம்: அந்தப் பச்சை டிராக்டரின் நிஜமான சந்ததிகளைச் செய்கிற தொழிற்சாலை நகர் ரோட்டிலுள்ள சணஸ்வாடிக்கு வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில்தான். என் அலமாரி அதற்கு வெகு காலம் முந்திக்கொண்டுவிட்டது.

இப்போது வேட்டையாடும் இடம் ஜூனா பஜார். மங்கள்வார் பேட்டைப் பக்கம் ஞாயிறும் புதனும் கூடுகிற பழஞ்சாமான் சந்தை அது. துருப்பிடித்த பூட்டு, ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருவரின் கல்யாணப் படம் எல்லாம் ஒரே கோணியில் கிடக்கும். அங்கே பொம்மையை விரும்பிப் பார்ப்பது மகா அபாயம். நம் கண்ணில் ஆசை ஒரு துளி தெரிந்துவிட்டால் விலை இருமடங்காகும். ஆதலால் நான் முதலில் பக்கத்திலுள்ள கப்பியையோ திருகுசாவியையோ எடுத்து, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி, போகிற போக்கில், "இந்த உடைசல் என்ன விலை?" என்று டிராக்டரைக் கால் நுனியால் காட்டுவேன். கடைக்காரர் நிதானமாக, "காகா, ஹே ஆண்டீக் ஆஹே", அதாவது இது புராதனச் சாமான், என்பார். முன்சக்கரம் இரண்டும் இல்லையே என்றால், அதனால்தான் ஆண்டீக் என்பார். இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இன்னும் வரவில்லை. பொம்மையோடு கப்பியையும் வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறேன். எங்கள் வீட்டில் கப்பிகள் ஏராளம்; கிணறுதான் இல்லை.

என் சேகரிப்பில் பெரிய சாதி, இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் கம்பெனியார் செய்தவை. ஈயச் சிப்பாய்களை வார்த்துப் பிரசித்தி பெற்ற அவர்கள், முதல் உலக யுத்தம் ஓய்ந்து ஜனங்களுக்குச் சிப்பாயைக் கண்டாலே அலுத்துப்போன சமயத்தில், பசு, பண்ணையாள், வைக்கோல் வண்டி என்று வார்க்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய டிராக்டர்கள் நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இங்கேதான் ஒருநாள் எனக்குக் கணக்கு இலாகா ரத்தம் கொதித்தது. நீளம் முப்பத்திரண்டில் ஒன்றானால் பரப்பு 1,024இல் ஒன்று. ஏக்கரின் 43,560 சதுர அடியை அதனால் வகுத்தால் நாற்பத்திரண்டரை. எங்கள் கட்டிலோ ஆறுக்கு ஏழு. அதாவது இத்தனை நாளும் நான் படுத்துறங்கியது ஏறக்குறைய ஓர் ஏக்கரில்!

அந்த உற்சாகத்தில் வீடு முழுவதையும் அளந்தேன். உள்ளே 750 சதுர அடி. பதினேழரை ஏக்கருக்குச் சற்றுக் கூட. பால்கனியின் நாற்பது அடியையும் சேர்த்தால் பதினெட்டரை. மகாராஷ்டிரத்து நில உச்சவரம்புச் சட்டத்தில், வருஷம் முழுதும் நீர் நின்று இருபோகம் விளையும் நிலமானால் ஒரு குடும்பத்துக்குப் பதினெட்டு ஏக்கர்தான். பால்கனியில் பாதிக்கு மேல் உபரியாகிறது. சர்க்கார் அதைக் கைப்பற்றி நிலமற்றோருக்கு வழங்கினால் துணி எங்கே உலர்த்துவது என்று மனைவி கேட்டாள். நல்ல வேளையாக எங்கள் குழாயில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரமே வருகிறது. ஆகவே ஒருபோக நிலம் என்று வாதாடலாம். அதற்கு வரம்பு இருபத்தேழு ஏக்கர்.

நிஜ நிலத்தில் இந்தக் கவலைக்கே இடமில்லை. 1948ஆம் வருஷத்துக் குத்தகைச் சட்டப்படி, கலெக்டரின் அநுமதியில்லாமல் இந்த ராஜ்யத்தில் விவசாய நிலம் வாங்க வேண்டுமானால் வாங்குகிறவர் முன்கூட்டியே விவசாயியாக இருக்க வேண்டும். விவசாயி என்பதற்கு அத்தாட்சி, தம் பெயரில் நிலமிருப்பதாகச் சொல்லும் சாத்-பாரா தஸ்தாவேஜு. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்கிற நம் ஊர்ப் பழமொழியைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும். டிராக்டர் வாங்குவதற்கு மட்டும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

வருஷத்தில் இரண்டு சமயம் என் பண்ணைக்குச் சாஸ்திர சம்மதம் கிடைக்கிறது. முதலாவது, ஆவணி அமாவாசையையொட்டி வருகிற போளா. இங்கே மாட்டுப் பொங்கலுக்கு இணையான பண்டிகை. மாடில்லாத பட்டணத்தார் மண் காளை வாங்கிப் பூஜை செய்கிறார்கள். நாகபுரியில் மறுநாளே குழந்தைகளுக்கென்று தனிப் போளா. 1806இல் போன்ஸ்லே மகாராஜா தொடங்கிவைத்ததாம். சக்கரம் வைத்த மரக்காளையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பிள்ளைகள் வீடு வீடாகப் போய்க் காசு வாங்குவார்கள். பொம்மை உழவு மாட்டுக்கு ராஜாங்க அந்தஸ்து கொடுத்த ராஜ்யத்தில் வசிக்கிறோம் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டாவது, நவராத்திரி. கொலுவில் டிராக்டருக்கு என்ன வேலை என்று மனைவி ஆக்ஷேபித்தபோது, தசாவதாரச் செட்டில் பலராமர் தோளில் சார்த்தியிருக்கும் கலப்பையைச் சுட்டிக்காட்டினேன். அவதார புருஷர் இத்தனை யுகமாகக் கையால் உழுதுகொண்டிருக்கிறாரே, ஒரு வண்டி கொடுக்கக் கூடாதா? வாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஆனால் சுண்டல் வாங்க வந்த ஒரு மாமி, "பலராமர் பக்கத்தில் டை கட்டிண்டு யாரு, பதினொண்ணாவது அவதாரமா?" என்று கேட்டுவிட்டாள்.

தௌண்ட் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், அண்டைவீட்டாரின் உறவினர், சென்ற சீசனில் வந்து என் அலமாரியைப் பார்வையிட்டார். பளபளப்பு எதையும் அவர் சட்டைசெய்யவில்லை. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அச்சைப் பார்த்தார், டிரெய்லரின் கொக்கியை ஆட்டிப் பார்த்தார், பிறகு கேட்டார்: "சாஹேப், இதில் எந்த வண்டிக்காவது பாங்கில் தவணை பாக்கி உண்டா?" ஒன்றுமில்லை என்றேன். "அப்படியானால் ஜில்லாவிலேயே பெரிய விவசாயி நீங்கள்தான்" என்று எழுந்து நின்று கைகூப்பினார்.

அந்தக் கௌரவம் நீடிக்கவில்லை. என் பேரனுக்கு டிராக்டர் என்றால் லட்சியமில்லை, ஜேசிபிதான் தெய்வம். தளேகாவில் அதற்குத் தொழிற்சாலையே இருப்பதால் தெருவுக்குத் தெரு மஞ்சளாக ஒன்று பள்ளம் பறித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் பால் குடிக்க மறந்து பார்த்து நிற்கிறார்கள். நேற்று அவன் தன் ஜேசிபியோடு என் கட்டிலில் ஏறி, வரப்புகளையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, "தாத்தா, இங்கே பில்டிங் வரப்போறது, உன் டிராக்டரை எடுத்துக்கோ" என்றான். கலெக்டர் அநுமதி இருக்கிறதா என்று கேட்டேன். பதிலில்லை. நிலச் சொந்தக்காரன் என்ற முறையில் மூன்றாவது மாடியில் எனக்கு ஒரு ஃப்ளாட் தருவதாக வாக்களித்திருக்கிறான், பால்கனி இல்லாமல்.