17-ஆம் நம்பர் வீரர்

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'கடக்' என்று சத்தம் கேட்டால், மற்றவர்கள் மெக்கானிக்குக்குப் போன் போடுவார்கள். நம்மவர் பூரித்துப்போவார். "லோயர் ஆர்ம் புஷ் போயிடுச்சு" என்று வீட்டில் அறிவிக்கும்போது, பையனுக்கு ஐ.ஐ.டி. கிடைத்த அப்பாவின் முகம் அது. ஷெட்டில் விட்டால் லேபர் சார்ஜைத் தீட்டிவிடுவார்களாம். அதை மிச்சம் பிடிக்கத்தான், அந்த லேபரைவிட இரண்டு மடங்கு விலையில் ஸ்பேனர் செட் வாங்கி வைத்திருக்கிறார்.

இந்த இனத்தைத் தரிசிக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் போங்கள். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஓர் ஆல்ட்டோ ஜாக்கியில் நிற்கும். அடியிலிருந்து லுங்கி கட்டிய இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் முட்டுக்கு ஒரு ஹாலோ பிளாக். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைக்க வேண்டும். ஆனால் ஸ்டாண்டு வாங்க மட்டும் அவருக்கு மனசு வருவதில்லை.

கடற்காற்றின் உப்பு, அந்தப் புஷ்ஷுக்குள் போகிற, பத்து வருஷமாகக் கழற்றாத போல்ட்டைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். இடுக்கில் உப்பிக்கொண்டு போல்ட்டை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும்.

முதல் அஸ்திரம் டபிள்யூ.டி-40. அடித்துவிட்டு வாட்ச்மேனுக்கு வரலாறு சொல்வார்: 1953, அமெரிக்காவில் சான் டியாகோ, அட்லஸ் ஏவுகணை, 40-ஆவது முயற்சியில் கைகூடிய கலவை. "ராக்கெட்டுக்கே போட்டதுப்பா!" "அப்படிங்களா சார்" என்பார் வாட்ச்மேன்; அவருக்கு மோட்டார் போடுகிற நேரம். உண்மையில் அது ஈரத்தை விரட்டித் துரு வராமல் காக்கப் பிறந்தது. வந்துவிட்ட துருவுக்குள் இறங்க அதற்கென்றே தனி எண்ணெய் உண்டு. அதையும் ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். நம்மவர் தருவது ஒரு காபி குடிக்கிற நேரம்.

அடுத்து 17-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர். அதன் வாலில், மொட்டை மாடியிலிருந்து எடுத்து வந்த ஜி.ஐ. பைப். மூச்சை அடக்கி இழுக்கிறார். போல்ட் அசைகிறது! கால் சுற்று. "வந்துடுச்சு!" ஸ்பேனரை மாற்றிப் போடக் கையை எடுக்கிறார். போல்ட் சாவகாசமாகப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

விஷயம் இதுதான். போல்ட் கழலவே இல்லை. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு அது ஒட்டிப்போயிருக்கிறது. இழுத்தால் சுற்றியிருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், விட்டால் பழையபடி திரும்பிவிடும். இது தெரியாமல் மத்தியானம் வரை அதே கால் சுற்றைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் "வந்துடுச்சு!" மாடி வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, "என்ன சார், சுகப்பிரசவமா?" என்று விசாரிப்பார்.

"ஏங்க, ரிசப்ஷனுக்கு ஆட்டோ சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? அஞ்சு நிமிஷ வேலை."

அந்த ஐந்து நிமிஷத்தில் சுத்தியலும் களத்தில் இறங்கும். போல்ட்டின் தலை மழுங்கி, எந்த ஸ்பேனரும் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும். குற்றம் யாருடையது? போன முறை மாட்டிய மெக்கானிக்குடையது. "கிரீஸ் வைக்காம மாட்டியிருக்கான், படுபாவி!"

கடைசியில் அந்தப் படுபாவியேதான் கிரைண்டரோடு வருவான். தீப்பொறி பறக்க அறுக்கிற நேரம் முழுக்க, எங்கே அறுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று வகுப்பு எடுப்பார். துண்டாகி விழுந்த போல்ட்டை அவன் ஓரமாக வீசப் போவான்.

"தூக்கிப் போட்டுடாதப்பா. கம்பெனி ஒரிஜினல். இப்ப வர்றதெல்லாம் இவ்வளவு உறுதியா இருக்கறதில்ல."