கணக்குப்பிள்ளையின் கள்ளச்சாவி

அனுப்புநர்: ஒரு நெட்வொர்க் நிர்வாகி (பெயரையும் பாஸ்வேர்டையும் வெளியிட விரும்பாதவர்)

பெறுநர்: பாதுகாப்புக் குறைகளை அறிவிக்கும் பிரிவு, சிஸ்கோ சிஸ்டம்ஸ் நிறுவனம், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பொருள்: ஆவணத்தில் இல்லாத பாஸ்வேர்டை ஆவணத்தில் சேர்த்துத் தரக் கோருதல் – தொடர்பாக

பார்வை: தங்களின் 4.9.2024 நாளிட்ட எச்சரிக்கை அறிவிப்பு

ஐயா / அம்மையீர்,

முதலில் பாராட்டிவிடுகிறேன். தங்களின் 'ஸ்மார்ட் லைசென்சிங் யுட்டிலிட்டி' மென்பொருளுக்குள், எந்தக் கையேட்டிலும் சொல்லப்படாத, என்றும் மாறாத நிர்வாகி பாஸ்வேர்டு ஒன்று இருப்பதாகத் தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே அறிவித்தீர்கள். வெளியாள் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. உள்ளே சோதனை செய்தபோது கிடைத்ததாம். தன் வீட்டில் தானே ஒளித்துவைத்ததைத் தானே தேடி எடுத்து, ஊரைக் கூட்டிச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும்.

ஆனால் அந்த 'இருப்பதாக' என்ற சொல்லில்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்வேர்டு என்ன காளானா, நேற்றைய மழைக்கு முளைக்க? யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக அடித்து, சேமித்துவிட்டுத்தானே காபி குடிக்கப் போயிருக்க வேண்டும்? தமிழில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தான்' என்றால் அவன் என்று தெரியும். 'வந்தேன்' என்றால் நான் என்று தெரியும். எழுவாய் மறைந்திருந்தாலும் வினைமுற்று ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடும். தங்கள் அறிவிப்பிலோ அந்த வாலும் இல்லை. பாஸ்வேர்டு இருக்கிறது, அவ்வளவுதான். மலை இருக்கிறது, கடல் இருக்கிறது என்பதுபோல.

இந்த மென்பொருள் எதற்கு என்று தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கருவிகளில் எந்தெந்த லைசென்ஸ் எவ்வளவு ஓடுகிறது என்று கணக்கெடுத்து நிறுவனத்துக்குச் சொல்லும் வேலை இதற்கு. அதாவது, நாங்கள் ஒழுங்காகப் பணம் கட்டுகிறோமா என்று பார்ப்பதற்காகத் தாங்கள் எங்கள் வீட்டில் குடிவைத்த கணக்குப்பிள்ளை. இடம் எங்களுடையது, கரண்டு எங்களுடையது, கணக்கு மட்டும் தங்களுடையது. அந்தக் கணக்குப்பிள்ளையின் இடுப்பில்தான் அந்தக் கள்ளச்சாவி. வெளியிலிருந்து எவரும் அதே சாவியைப் போட்டு, நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு உள்ளே வரலாம். குறையின் எண் சி.வி.இ-2024-20439, தீவிரம் பத்துக்கு 9.8. பள்ளிக்கூடத்தில் நான் இப்படி மதிப்பெண் வாங்கியதில்லை.

சாவி வைத்திருந்தது போதாதென்று, கணக்குப்பிள்ளைக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அதே நாளில் அறிவித்த அடுத்த குறை, சி.வி.இ-2024-20440. பிழை கண்டறிவதற்கான லாக் கோப்பில் தேவைக்கு மேல் எழுதிவைக்கிறதாம். வெளியிலிருந்து தக்கபடி ஒரு எச்.டி.டி.பி. கோரிக்கை அனுப்பினால், உள்நுழையாமலேயே அந்தக் கோப்பை வாங்கிக்கொண்டு போகலாம். உள்ளே நுழைவதற்கான பெயரும் பாஸ்வேர்டும் அதிலேயே இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, பெட்டிச்சாவி எந்தப் பரணில் இருக்கிறது என்பதைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லியே பேரேடு எழுதுகிற கணக்குப்பிள்ளை! இதற்கும் 9.8.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. இதற்கு ஆறு மாதம் முன்னால், 2024 மார்ச்சில், ஸ்பிளங்க் என்ற நிறுவனத்தைச் சுமார் 2,800 கோடி டாலருக்குத் தாங்கள் வாங்கி முடித்தீர்கள். ஸ்பிளங்கின் தொழில் என்ன? லாக் கோப்புகளைப் படிப்பது. உலகத்தார் லாக்கையெல்லாம் படிக்க அவ்வளவு பணம். சொந்த லாக்கைப் படிக்க ஆளில்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள் தானாகப் பின்னணியில் ஓடுவதில்லை; யாராவது திறந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஆபத்து என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கணக்குப்பிள்ளை தூங்கும்போது திருட்டு நடக்காது.

பிறகு நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே ஓர் ஆய்வாளர் மென்பொருளைப் பிரித்துப் பார்த்து, அந்தப் பாஸ்வேர்டைப் பொதுவில் எழுதிவிட்டார். 2025 மார்ச்சில் சாவியோடு ஆட்கள் கதவைத் தட்டுவதை, சைபர் பாதுகாப்பு ஆய்வு நடத்தும் சான்ஸ் நிறுவனத்தார் பார்த்துச் சொன்னார்கள். மார்ச் 31 அன்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, திருடர்கள் உண்மையிலேயே பயன்படுத்திவரும் குறைகளின் பட்டியலில் இந்தப் பாஸ்வேர்டுக் குறையைச் சேர்த்து, ஏப்ரல் 21-க்குள் சரிசெய்யுமாறு அரசுத் துறைகளுக்குக் கெடு வைத்தது. ஆக, கையேட்டைப் படித்தவருக்குத் தெரியாத பாஸ்வேர்டு, கையேட்டைத் தொடாத திருடனுக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கியவன்தான் கடைசி ஆள்.

இது முதல் தடவை என்றால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. 2018 மார்ச்சில், தங்கள் கருவிகளை இயக்கும் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. மென்பொருளில் உச்ச அதிகாரம் உள்ள ரகசியக் கணக்கு ஒன்று வெளிப்பட்டது. பயனர் பெயர்: சிஸ்கோ. (கற்பனை வளத்துக்குத் தனிப் பாராட்டு.) மே மாதம், நெட்வொர்க் முழுவதையும் மேய்க்கும் டி.என்.ஏ. சென்டரில் இன்னொன்று, பத்துக்குப் பத்து. அதே ஆண்டு ஆகஸ்டில், பாஸ்வேர்டை மட்டும் நம்பாதீர்கள் என்று உபதேசிக்கும் டியோ நிறுவனத்தை 235 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தீர்கள். உபதேசம் வாசலோடு நின்றுவிட்டது போலும். 2023 அக்டோபரில், அவசர அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் எமர்ஜென்சி ரெஸ்பாண்டரில், உச்ச அதிகாரம் தரும் ஒரு ரூட் பாஸ்வேர்டு. 2025 ஜூலையில், தொலைபேசி அழைப்புகளை நிர்வகிக்கும் யூனிஃபைட் சி.எம். மென்பொருளின் சில சிறப்பு வெளியீடுகளில் மாற்றவும் முடியாத, நீக்கவும் முடியாத ரூட் பாஸ்வேர்டு; மறுபடியும் பத்துக்குப் பத்து.

கடைசி இரண்டுக்கும் தாங்கள் சொன்ன காரணம் ஒன்றே: மென்பொருளை உருவாக்கும் காலத்துக்கென்று ஒதுக்கிய கணக்காம். எங்கள் ஊரில் வீடு கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுவார். பூச்சு முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொண்டு போவார். சாரத்தோடு கிரகப்பிரவேசம் நடத்தி, மொட்டைமாடிக்குத் திருடன் ஏறிவந்த பிறகு, "அது கட்டுமானக் காலத்துக்கானது" என்று எந்தக் கொத்தனாரும் கடிதம் எழுதிப் பார்த்ததில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பாஸ்வேர்டை மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தார். தணிக்கைக்கு வந்தவர் கண்ணில் பட்டு, மறுநாளே அவருக்கு மெமோ. அவர் ஒட்டியது ஒரு மானிட்டரில். தாங்கள் ஒட்டியது, வெளியிட்ட ஒவ்வொரு பிரதியிலும். அவருக்கு மெமோ, தங்களுக்கு ஒரு சி.வி.இ. எண்.

எனவே தாழ்மையுடன் கோருவது: இனி இப்படிப் பாஸ்வேர்டு வைப்பதைத் தவிர்க்க முடியாதென்றால், அதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள். திருடனுக்குச் சமமாகவாவது நாங்கள் நடத்தப்படுவோம். அடுத்த அறிவிப்பில், அதை வைத்தது எந்தப் பிரிவு, எதற்காக வைத்தது, வெளியே அனுப்புமுன் பார்த்துக் கையெழுத்திட்டது யார் என்று ஒரு வரி சேருங்கள். பெயர்கூட வேண்டாம்; எழுவாய் ஒன்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் கணக்குப்பிள்ளைக்குச் சோறு போடும் வீட்டுக்காரன்

நகல்: ஸ்மார்ட் லைசென்சிங் யுட்டிலிட்டியின் 2.0.0, 2.1.0, 2.2.0 பதிப்புகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு. மேற்சொன்ன இரண்டு குறைகளுக்கும் மாற்றுவழி எதுவும் கிடையாது. 2.3.0 பதிப்பில் இந்தக் குறைகள் இல்லை. இன்றே அதற்கு மாறிவிடுங்கள்.