ஹேண்டில்பாரைத் தூக்கலாமா?

கேள்வி: ஹேண்டில்பாரை உயர்த்தினால் முதுகுவலி போய்விடும் என்கிறார் மெக்கானிக். உண்மையா?
– வாசகர், ஓசூர்

பதில்: போகும். எங்கே போகும் என்பதுதான் விஷயம்! கைப்பிடி தாழ்வாக இருந்தால் உடம்பு முன்னால் சாய்ந்து, பாரம் மணிக்கட்டில் இறங்கும். உயர்த்தினால் மணிக்கட்டு தப்பிக்கும். ஆனால் பள்ளத்தின் குலுக்கல் எல்லாம் நேரே முதுகெலும்புக்கு. நெடுஞ்சாலையில் காற்று நெஞ்சைப் பிடித்துத் தள்ளுவது தனி.

ராயல் என்ஃபீல்டையே பாருங்கள். 2018ல் வந்த இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி இரண்டுக்கும் ஒரே 648 சிசி இன்ஜின்தான். முன்னதில் உயர்ந்து அகன்ற கைப்பிடி. ஊருக்குள் திருப்ப சுகம். பின்னதில் தாழ்ந்த கைப்பிடி. முன்சக்கரத்தில் பாரம் கூடுவதால் வளைவில் சாலையின் பிடிமானம் கையிலேயே தெரியும். டிராஃபிக்கில் மாட்டினால் மணிக்கட்டு அழும்.

தோளுக்கு மேல் தூக்கி, போலீசில் சரணடைபவர் மாதிரி போகிறவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் போதும். மாற்றியதும் ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் நீளம் போதாவிட்டால், நீங்கள் முறுக்காமலே வண்டி சீறும்.