நசுங்கும் இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறொன்று

நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள அமரவிளையிலும், அதைச் சூழ்ந்த கேரள-தமிழ்நாடு எல்லைக் கிராமங்களிலும், ரப்பர் பால்வெட்டு, தறி, லாரி ஓட்டம், வயல்வேலை ஆகியவை பலருக்குச் சோறு போடுகின்றன. ஒவ்வொரு தொழிலும் உடலின் ஒவ்வொரு நரம்பை ஒவ்வோர் இடத்தில் நெருக்கவும் செய்கிறது. அந்த நெருக்கம் பற்றி எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: வலிப்பது கால், மருத்துவர் விரலை வைப்பது முதுகில். கால் செய்த குற்றத்துக்கு முதுகை விசாரிப்பது முறையா?

முறைதான். முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்பு, எலும்புகளுக்கு இடையிலுள்ள துளை வழியாக வெளியேறித் தசைகளினூடே கால்விரல் நுனி வரை செல்கிறது. அந்த நெடும்பாதையில் எங்கே அழுத்தம் விழுந்தாலும், அந்த நரம்பு எந்தத் தோல்பகுதிக்கு உரியதோ அங்கேயே வலி எழுவதாக மூளை கணக்கிட்டுக்கொள்கிறது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் மேலே அடைபட்டால் கீழே விளவங்கோட்டு வயல் காய்வதைப் போன்றது இது. காய்ந்த வயலைத் தோண்டிப் பயனில்லை. அழுத்தம் முதலில் நரம்புக்குள் ஓடும் மெல்லிய குருதிக்குழாய்களை நெருக்குகிறது, அதனால் ஊசி குத்துவது போன்ற உணர்வும் மரப்பும் தோன்றுகின்றன, அழுத்தம் நீங்கினால் அவை விரைவில் மறையும். அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைகிறது, பின்னர் இழையே அழிகிறது. அழிந்த இழை மீண்டும் வளர்வது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவிலேயே என்பதால், காலம் தாழ்த்துவதுதான் இந்நோயில் மிக விலையுயர்ந்த தவறு.

கேள்வி: பின்னிரவில் பால்வெட்டுக்கு எழ அலாரமே வேண்டாம், வலது கை மரத்துப்போய்த் தானே எழுப்பிவிடுகிறது. உதறினால் சரியாகிறது. இது வாதமா, இரத்த ஓட்டக் குறைவா, அல்லது காசில்லாமல் கிடைத்த கடிகாரமா?

இரவில் மரத்து எழுப்புவதும் உதறினால் தணிவதும் சேர்ந்துவிட்டால், நோயின் பெயரில் பாதி தெரிந்துவிட்டது எனலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநார்ப் பட்டையும் சேர்ந்து அமைத்திருக்கும் குறுகிய வழியைக் ‘கார்ப்பல் டனல்’, அதாவது மணிக்கட்டுச் சுரங்கம், என்பர். அதனுள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் என்னும் நடுநரம்பும் நெருக்கியடித்துச் செல்கிறது. 1981-இல் அமெரிக்க மருத்துவர் கெல்பெர்மனும் அவருடைய குழுவினரும் அந்தச் சுரங்கத்துக்குள் அழுத்தத்தை அளந்தபோது, நோயற்றவர்களிடம் அது 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவாகவும், நோயாளிகளிடம் 32 ஆகவும் இருந்தது. நோயாளிகள் மணிக்கட்டை முன்னோக்கி மடக்கியபோது 90-ஐத் தாண்டியது. உறக்கத்தில் மணிக்கட்டு தானாக மடங்கிக்கொள்வதால்தான் இந்நோய் இரவில் கதவைத் தட்டுகிறது. பால்வெட்டுக் கத்தியை இறுகப் பற்றி, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நூற்றுக்கணக்கான மரங்களில் கோடிழுக்கும் கை அதற்கு வழி அமைத்துக் கொடுக்கிறது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பகாலம் ஆகியவையும் சுரங்கத்தைக் குறுக்குகின்றன.

மரப்பு கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றில் மட்டும் நின்று சுண்டுவிரலை விட்டுவைத்தால் ஐயம் வலுப்படும். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கும்படி ஒரு நிமிடம் பிடித்திருக்கையில் அதே விரல்கள் மரத்தால் மேலும் வலுப்படும். முதல் சிகிச்சை எளியது: மணிக்கட்டு நேராக நிற்கும்படி செய்யும் பட்டையை உறங்கும்போது ஆறு வாரங்களுக்குக் குறையாமல் அணிதல், கத்தியின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கி இறுக்கத்தைத் தளர்த்துதல். இவற்றால் தணியாதபோது மருத்துவர் சுரங்கத்துக்குள் ஸ்டீராய்டு ஊசி செலுத்தலாம். கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றத் தொடங்கியிருந்தால் ஊசிக்கும் பட்டைக்கும் நேரமில்லை. கையை மட்டும் மரக்கச்செய்து, அந்தத் தசைநார்ப் பட்டையை வெட்டி வழியை அகலப்படுத்தும் சிறிய அறுவைச் சிகிச்சை வேண்டும்.

கேள்வி: இங்கே கதை தலைகீழ்: சுண்டுவிரல்தான் மரக்கிறது, மற்றவை நலம். சின்ன விரலுக்குச் சின்ன நோய் என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் அல்நார் நரம்புக்கு உரியவை; அந்நரம்பு முழங்கையின் உட்புறத்தில், இடித்தால் மின்னதிர்ச்சிபோலச் சுரீரென்னும் அந்தப் பள்ளத்தில், தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. முழங்கையை நெடுநேரம் மடக்கிக் கைபேசியைக் காதில் வைத்திருப்பதும், லாரிக் கதவின் விளிம்பில் முழங்கையை ஊன்றி ஓட்டுவதும் அதை நெருக்கும். இவற்றைத் தவிர்த்தாலே பலருக்குத் தணியும். ஆயினும் நம் நாட்டில் மற்றொன்றையும் மறக்கலாகாது. தொழுநோய் இதே நரம்பை இதே இடத்தில் தடிக்கச் செய்கிறது. மரப்போடு தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் அது வெறும் நெருக்கமன்று. கேரள அரசு 2018-இல் தொடங்கிய ‘அஸ்வமேதம்’ இயக்கத்தில் பணியாளர்கள் வீடு வீடாகத் தேடியது இத்தகைய அடையாளங்களைத்தான். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும். வெட்கத்தால் தாமதிக்கும் மாதங்களில் விரல்கள் மடங்கிப்போய்விடும் என்பதே வேதனை.

கேள்வி: பாலராமபுரத்தில் தறியில் இருந்து எழுந்தால் கழுத்திலிருந்து கைவரை இழுக்கிறது. கையைத் தூக்கித் தலையில் வைத்தால் சுகம். கவலைப்பட்டுத் தலையில் கைவைத்ததாக ஊரார் நினைக்கிறார்களே?

ஊரார் நினைப்பது இருக்கட்டும், மருத்துவருக்கு அது நல்ல தடயம். கழுத்தெலும்புகளுக்கு இடையில் நரம்பின் வேர் நெருக்கப்படும்போது, கையைத் தலைமேல் வைத்தால் அந்த வேரின் இழுப்புத் தளர்ந்து வலி குறைகிறது. மணிக்கட்டுச் சுரங்கத்தில் நெருக்கம் இருந்தால் இந்தச் சுகம் கிடைப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மர் காலத்தில் தமிழ்நிலத்திலிருந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் நெசவு, 2009-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. எனினும் குழித்தறியில் கால்களைப் பள்ளத்தில் தொங்கவிட்டு, கண்ணை நூலுக்கு அருகே கொண்டுசெல்லும் இருக்கை கழுத்துக்கு இணக்கமானதன்று. குனிவைக் குறைக்கும்படி உட்காரும் பலகையின் உயரத்தை மாற்றுவதும், நூல்மேல் நேராக விழும் விளக்கை அமைப்பதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோள்களைப் பின்னுக்கு இழுத்து நிமிர்வதும் மாத்திரையைவிட நெடுநாள் உதவும். இரு கைகளிலும் நுண்வேலை தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் நெருக்கப்படுவது நரம்பு வேரன்று, தண்டுவடமே. அதற்கு உடனடி மருத்துவம் தேவை.

கேள்வி: களியக்காவிளை வழியாக லாரி ஓட்டுபவருக்கு இடுப்பிலிருந்து குதிகால்வரை மின்னல் வெட்டுகிறது. ஒரு மாதம் படுத்தே கிடக்கச் சொல்கிறார்கள். லாரிக் கடனுக்கும் படுக்கை போடலாமா?

கடனும் படுக்க வேண்டாம், ஓட்டுநரும் படுக்க வேண்டாம். இது சயாட்டிகா எனப்படும் வலி. முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் என்னும் வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பெரும்பாலும் இதன் காரணம் என்பதை 1934-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் நிறுவினர். இடுப்பு வலியைவிடக் கால் வலி மிகுதியாக இருப்பதும், இருமும்போதும் தும்மும்போதும் கூடுவதும், மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி உயர்த்தினால் முழங்காலுக்குக் கீழே வலி பாய்வதும் இதன் அடையாளங்கள். நெதர்லாந்தில் 183 நோயாளிகளை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு வாரம் படுத்தே கிடந்தவர்களும் இயன்றவரை நடமாடியவர்களும் பன்னிரண்டாம் வாரத்தில் சமமாகவே, 87 விழுக்காட்டினர், தேறியிருந்தனர். பிதுங்கிய வட்டின் பகுதியை உடலே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்வதுதான் இந்த நற்செய்திக்கு அடிப்படை. எனவே கடும்வலி உள்ள ஓரிரு நாள் முழங்காலுக்கடியில் தலையணை வைத்து ஓய்ந்தபின், சிறுசிறு நடைகளாகத் தொடங்கி, ஓட்டும்போது மணிக்கொருமுறை இறங்கி நடப்பது போதும்; சுமையைக் குனிந்து தூக்கிய நிலையிலேயே இடுப்பைத் திருப்புவதை மட்டும் முற்றாக விலக்கவேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தணியாத கடும்வலிக்கு அறுவைச் சிகிச்சை விரைவில் சுகம் தரும். அதே நாட்டில் 283 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, ஓராண்டு முடிவில் உடனே அறுத்துக்கொண்டவர்களும் காத்திருந்தவர்களும் ஒரே நிலையை அடைந்ததைக் காட்டியதால், தேர்வு நோயாளியின் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் சண்டையே இல்லையே?

சண்டை அங்கேதான் தொடங்கும். 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்தபோது, 52 விழுக்காட்டினருக்கு ஒரு வட்டாவது பிதுங்கியிருந்தது. வலியின் பாதையும் படத்தின் இடமும் ஒத்துப்போனால்தான் படம் சாட்சியாகும். அறிக்கையைப் படித்து அஞ்சி நடையை நிறுத்துபவர்கள் நோயைவிட அறிக்கையால் அதிகம் துன்புறுகிறார்கள்.

கேள்வி: லுங்கியின்மேல் அகலப் பச்சை பெல்ட், தொடையின் வெளிப்புறம் மட்டும் எரிகிறது.

பெல்ட்டைத் தளர்த்தவும். தொடையின் வெளித்தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இடுப்பெலும்பின் முன்முனையருகே நெருக்கப்படுகிறது. தொப்பை குறைந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நசுங்கிய நரம்பை வர்ம ஆசானிடம் காட்டி மேலும் நசுக்கிச் சரிசெய்யலாமா?

தென்திருவிதாங்கூரின் வர்ம மரபு 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 இடங்களை வகுத்த செழுமையான அறிவு. உழிச்சலும் தைலமும் நரம்பைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தி உறக்கம் தருவது மெய். ஆனால் நெருக்கப்பட்ட வேர் எலும்புக்குள் ஆழத்தில் இருக்கிறது, எந்தப் பெருவிரலும் அங்கே எட்டாது. கழுத்தைச் சட்டெனத் திருப்பிச் சொடுக்கெடுப்பதை எவர் செய்தாலும் மறுக்கவேண்டும். கழுத்தெலும்பினூடே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. மரத்த பாதத்தில், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, சூடான கிழி வைப்பது தோல் வெந்ததே தெரியாமல் புண்ணாக்கும்.

கேள்வி: நரம்பு மாத்திரை, நரம்பு ஊசி?

‘நரம்பு ஊசி’ என்று ஊரில் வழங்குவது பெரும்பாலும் பி வைட்டமின்களே. குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாக நீரிழிவுக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் உண்போருக்கு, பி12 அவசியமாகலாம், ஆனால் வட்டின் அழுத்தத்தை வைட்டமின் தள்ளிவிடாது. பிரெகாபலின் மாத்திரை சயாட்டிகா வலிக்கு வெற்று மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லை என்று 209 பேரிடம் சிட்னியில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. மயக்கமும் தலைசுற்றலும் மட்டும் கூடின. வாகனம் ஓட்டுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும். வலிநிவாரணிகளைச் சில நாளுக்குமேல் தாமாக விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

கேள்வி: எப்போது நடந்துபோகலாம், எப்போது ஓடவேண்டும்?

வலி மட்டும் இருந்தால் பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கோ நெய்யாற்றங்கரைப் பொது மருத்துவமனைக்கோ பகலில் ஆறஅமரச் செல்லலாம். காய்ச்சலோ, காரணமற்ற மெலிவோ, முன்பு புற்றுநோய் வந்த வரலாறோ முதுகுவலியோடு சேர்ந்தால் அந்த வாரத்திலேயே செல்லவேண்டும். பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுந்தால் அன்றே செல்லவேண்டும். உட்காரும் இடத்திலும் தொடையிடுக்கிலும் மரப்பு, சிறுநீர் வராமை அல்லது கட்டுப்பாடின்றிக் கசிதல், இரு கால்களிலும் தளர்ச்சி ஆகியவை தோன்றினால், தண்டுவடத்தின் கீழுள்ள குதிரைவால் போன்ற நரம்புக்கொத்து நசுங்குகிறது என்று பொருள். 108 ஆம்புலன்ஸை அழைத்து, அறுவைச் சிகிச்சை வசதியுள்ள திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு அந்த இரவிலேயே விரையவேண்டும். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்கினால்தான் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பும் வாய்ப்பு மிகுதி. கூச்சத்தால் பலரும் முதுகுவலியை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைக்கிறார்கள். அவசரப் பிரிவில் முதலில் சொல்லவேண்டியது சிறுநீர் நின்றுபோன செய்தியைத்தான்.