மதகுக்குக் கீழே: அரிய பாடல் ரசிகர் குறித்து ஒரு பிளவக்கல் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிரினத்தை முதலில் கண்ணால் பார்த்துவிடுவோம். வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப் பையில் செல்போன், அதற்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு தாள். திருவில்லிபுத்தூர் டீக்கடை ஒன்றில் 1964-ஆம் வருடத்துப் பாட்டு ஒலிக்கிறது. கடையே தலையாட்டுகிறது, பாய்லருக்குப் பின்னால் இருப்பவர் உட்பட. இவர் மட்டும் ஆட்டுவதில்லை. பாட்டு முடிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதே படத்துல இன்னொண்ணு இருக்கு. நீங்க யாரும் கேட்டிருக்க மாட்டீங்க" என்கிறார். கடை அமைதியாகிறது. அந்த அமைதிக்காகத்தான் அவர் டீ குடிக்கவே வந்தார் என்பது இந்த ஆய்வின் முதல் கருதுகோள்.

இவரை ஊரார் 'அரிய பாடல்காரர்' என்பர். சிலர் 'அறிய பாடல்' என்று வல்லின றகரம் போட்டும் எழுதுவர். அது எழுத்துப் பிழை என்று முதலில் நினைத்தேன். பிற்பாடு யோசித்தால், அரிதாக இருப்பது பாட்டா, அதை அறிந்தவரா என்பதே இங்கே வழக்கு. ஆகையால் இரண்டு பாடமும் கொள்ளத்தக்கன.

ஆய்வின் எல்லை: எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த காலம். அதாவது 1952-இல் வந்த 'பணம்' முதல், 1965-இல் வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' வரை. 1952-இல் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் திடீரென்று மறைந்தபோது, அவரிடம் வேலை பார்த்த இந்த இருவரும் அவர் விட்டுப்போன படங்களை முடித்துக் கொடுத்தார்கள், அப்படியே ஜோடியானார்கள். பிரிந்து முப்பது வருடம் கழித்து 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக மறுபடி சேர்ந்ததை இந்த ஆய்வு மரியாதையோடு கடந்து செல்கிறது.

ஆய்வு அறம் ஒன்று உண்டு. எந்தப் பாட்டின் முதல் வரியையும் இங்கே சொல்லப்போவதில்லை. தமிழில் சினிமாப் பாட்டுக்கு முதல் வரியைத் தவிர வேறு பெயர் கிடையாது. பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வாசகர் பாட ஆரம்பித்து, பல்லவியோடு கட்டுரையை விட்டு வெளியேறிவிடுவார். இது சோதித்துப் பார்த்து அறிந்த உண்மை.

இனி கோட்பாடு. வத்திராயிருப்பைத் தாண்டி, கூமாபட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் பிளவக்கல் இருக்கிறது. பெரியாறு, கோவிலாறு என்று பக்கம் பக்கமாக இரண்டு அணைகள். மழைக்காலத்தில் அணை நிறைந்து மறுகால் பாயும். மற்ற நாளில் தேவைக்கேற்ப மதகைத் திறந்து வயலுக்கு விடுவார்கள். மதகின் அடிமட்டத்துக்கும் கீழே கொஞ்சம் தண்ணீர் எப்போதும் கிடக்கும். எந்த ஷட்டரைத் தூக்கினாலும் அது வெளியே வராது. நீர்வளத்துறைக்காரர்கள் அதை டெட் ஸ்டோரேஜ் என்பார்கள். கணக்கில் உண்டு, பாசனத்தில் இல்லை.

பாடல்களும் அவ்வாறே. மறுகால் பாடல்கள் யாரும் கேட்காமலே ஊருக்குள் வரும். கல்யாண வீட்டு மைக் செட்டில், டிவி பாட்டுப் போட்டியில், பஸ்ஸில், அடுத்த வீட்டுக்காரர் குளிக்கும்போது. 'காதலிக்க நேரமில்லை', 'பாசமலர்', 'படகோட்டி' ஆகியவற்றின் பெரும்பகுதி இந்த வகை. மதகுப் பாடல்கள் யாராவது கேட்டால் வரும்; நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட வேண்டும். டெட் ஸ்டோரேஜ் பாடல்கள் அணையின் அடியில் கிடப்பவை. 'தென்றல் வீசும்', 'மணியோசை', 'வாழ்க்கைப் படகு' போன்ற படங்களில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும். இவற்றுக்கும் கீழே வண்டல் ஒன்று உண்டு: பாட்டுப் புத்தகத்தில் அச்சாகி இருக்கும், இசைத்தட்டில் இருக்காது, அல்லது தட்டில் இருக்கும், படத்தில் வெட்டிவிட்டிருப்பார்கள். எழுபத்தெட்டு சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் அடங்கும் என்பதால், படத்தில் மூன்று சரணம் பாடியவர் தட்டில் இரண்டோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. அந்த மூன்றாவது சரணம் யாரிடம் இருக்கிறதோ அவரை ராஜபாளையம் வட்டாரத்தில் கையெடுத்துக் கும்பிடுவோம்.

இந்தத் தண்ணீர் இங்கே எப்படி வந்து சேர்ந்தது? 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கி வைத்தது. 1957-இல் விவிதபாரதி வரும்வரை ஜனங்கள் சும்மா இருக்கவில்லை, கொழும்புக்கு முள்ளைத் திருப்பினார்கள். விவிதபாரதி வந்த பிறகும் அந்த முள் அவ்வளவாகத் திரும்பவில்லை. எங்களுக்கு மலை மேற்கே, இலங்கை தென்கிழக்கே. நடுவே மறைக்க ஒன்றுமில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது தமிழை உச்சரித்த விதத்தை வைத்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் லகர ளகரத்தைத் திருத்திய தமிழாசிரியர்கள் இருந்தார்கள். நாள் முழுக்கப் பாட்டுப் போட வேண்டிய நிலையம் பிரபலமானதை மட்டும் போட்டால் மதியத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடும். ஆகவே தட்டைத் திருப்பி மறுபக்கத்தையும் போட்டார்கள்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடித்ததற்காக எனக்கு ஏதாவது பட்டம் தரலாம். எண்பதுகளில் ஊருக்கு ஊர் கேசட் பதிவு செய்துகொடுக்கும் கடைகள் இருந்தன. நாம் பாட்டுப் பட்டியலும் வெற்றுக் கேசட்டும் கொடுப்போம். ஒரு வாரம் அலையவிட்டுப் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு எட்டு, ஒன்பது பாட்டு அடங்கும். கடைசியில் ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ டேப் மிச்சம் விழும். காசு வாங்கிவிட்டு வெறும் டேப்பைக் கொடுக்கக் கடைக்காரருக்கு மனசு வராது. கைக்கு எட்டிய தட்டில் எதையாவது போட்டு நிரப்புவார். அது பாதியில் 'டக்' என்று நிற்கும். நாம் கேட்காத பாட்டு, முழுதாகவும் இல்லாத பாட்டு. வருடக் கணக்கில் அந்தப் பாதியைக் கேட்டுக் கேட்டு, மீதிப் பாதி எப்படி இருக்கும் என்று மனம் அரித்து அரித்துத்தான் அரிய பாடல்காரர் உருவாகிறார். ரசனை, ஞானம் என்பவை எல்லாம் பிற்காலத்தில் ஏறிய மெருகு.

எனக்குத் துணையாய்வாளராக வாய்த்தவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி. அவரும் பாதிப் பாட்டுக்காரர்தான். அவரது ஆராய்ச்சிக் குறிப்பு நாற்பது பக்க நோட்டு ஒன்று. அட்டையில் வாய்ப்பாடு இருக்கிறது.

இந்தத் துறையின் தலையாய சண்டை, எந்தப் பாட்டு யாருடையது என்பது. இருவர் பெயரும் சேர்ந்தே வந்த பாட்டில், இது விஸ்வநாதன் மெட்டு, இது ராமமூர்த்தி கோர்வை என்று பாகம் பிரிப்பார்கள். ராமமூர்த்தி வயலின் வித்வான். ஆகவே இடையிசையில் வயலின்கள் கூட்டமாக எழுந்தால் 'இது அவரு' என்பது ஒரு கட்சி. வயலின் இல்லாத பாட்டு எதுவும் அந்தக் காலத்தில் கிடையாதே என்பது எதிர்க்கட்சி. லிவர்பூல்காரர்களும் இதே வேலையாகத்தான் இருக்கிறார்கள் என்று கேள்வி. பீட்டில்ஸ் பாட்டுகளில் லெனன், மெக்கார்ட்னி என்று இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். ரசிகர்கள் இன்றுவரை வரிவரியாகப் பங்கு பிரிக்கிறார்கள். 1964 பிப்ரவரியில் அந்த நால்வர் அமெரிக்காவில் இறங்கினார்கள். அதே மாதம் இங்கே ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வெளியாகி, தமிழ்நாடு கிதாரும் கையுமாக ட்விஸ்ட் ஆடியது. அவர்கள் 1970-இல் பிரிந்தார்கள், நம்மவர்கள் 1965-இலேயே. ஒரு விஷயத்திலாவது நாம் முந்தினோம்.

பிரிவுக்குப் பிறகு ராமமூர்த்தி தனியாகச் செய்த படங்கள் 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'மறக்க முடியுமா', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்' என்று போகின்றன. இவற்றை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் துறையில் முதுநிலை. இங்கே ஒரு வழுக்குப் பாறை உண்டு. 'மறக்க முடியுமா'வில் கருணாநிதி எழுதி சுசீலா பாடிய பாட்டைக் கேட்டுவிட்டு, விஸ்வநாதன் என்றால் விஸ்வநாதன்தான் என்று உருகுபவர் ஏராளம். அண்ணாச்சி அவர்களைத் திருத்துவதில்லை. உருகி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு திருத்துவார்.

படங்களில் எங்கள் கவனத்தை அதிகம் தின்றது 'கலைக்கோவில்'. 1964. ஸ்ரீதர் இயக்கம், சிட்டிபாபுவின் வீணை, பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். அத்தனையும் இருந்தும் படம் மூழ்கியது. பாலமுரளி சுசீலாவோடு பாடியது மட்டும் மிதந்து வந்து மறுகாலில் சேர்ந்துவிட்டதால் எங்களுக்கு அது ஆகாது. அதே படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ஒன்று இருக்கிறது. ஈஸ்வரி என்றால் கிளப் டான்ஸ் என்று நினைப்பவர் அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் பேசட்டும். (ஆய்வாளர் உணர்ச்சிவசப்படக் கூடாது. மன்னிக்கவும். ஆனால் கேட்கட்டும்.)

'கற்பகம்' வேறு மாதிரித் தலைவலி. 1963-இல் வந்த அந்தப் படத்தில் வாலி எழுதிய பாட்டுகள் அத்தனையும் சுசீலாவுக்கே. நாயகன் ஜெமினி கணேசனுக்கு வாயசைக்க ஒரு பாட்டுகூடக் கிடையாது. ஜெமினிக்குப் பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடியவற்றை மட்டும் தொகுக்கும் ஒரு நண்பர், இந்தப் படத்துக்கு நோட்டில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறார். என்றாவது வெட்டப்பட்ட பாட்டு ஒன்று கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை. நம்பிக்கையை ஆய்வு குலைக்கலாகாது.

அரிய பாடல்காரரின் துயரம் பற்றி ஒரு வார்த்தை. தான் கண்டெடுத்த பாட்டை ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்று துடிப்பார். ஊர் கேட்க ஆரம்பித்த மறுநாள் அதை நோட்டிலிருந்து அடித்துவிடுவார். இந்தக் குணம் பாட்டோடு நிற்பதில்லை என்பதற்குக் கூமாபட்டியே சாட்சி. 2025-இல் ஒரு ரீல்ஸ் காணொளியால் அந்த ஊர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துபோனது. எங்கிருந்தெல்லாமோ வண்டி கட்டி வந்தார்கள். அப்போது ராஜபாளையத்துக்காரர் ஒவ்வொருவரும், "நாங்க சின்னப் பிள்ளையிலயே பிளவக்கல்லுக்குக் கட்டுச்சோறு கட்டிட்டுப் போயிருக்கோம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அணை அதே அணைதான். டெட் ஸ்டோரேஜாகக் கிடந்தது மறுகால் பாய்ந்துவிட்டது, அவ்வளவே.

கள ஆய்வுக்கு அங்கேயே போனோம். கூட்டம் ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை. சோதனை முறை எளிது: அண்ணாச்சியின் தலைசிறந்த அரிய பாடலைச் சின்ன ஸ்பீக்கரில் போடுவது; எதிர்ப்படுபவர் யாருக்காவது தெரிகிறதா என்று பார்ப்பது. இது அவருடைய அந்தப் பழைய பாதிப் பாட்டு. கேசட்டில் இரண்டாவது சரணத்தின் நடுவே அறுந்தது. இப்போது முழுப் பாட்டும் செல்போனில் இருக்கிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் அவர் விரல் தானாகப் போய் அமத்திவிடுகிறது. மீதியைக் கேட்டதே இல்லையாம். "கேட்டுட்டா அப்புறம் என்னத்தத் தேடுறது?" என்றார்.

ஆடு மேய்க்கும் பையனுக்குத் தெரியவில்லை. பைக்கில் வந்த இரண்டு பேருக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. வழியோரம் மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் கடைசியாகப் போட்டோம். எழுபதைத் தாண்டியவர். முன்னிசை தொடங்கிய இரண்டாவது நொடியில், "அட, இந்தப் பாட்டா" என்றார்.

அண்ணாச்சி நோட்டை மூடினார்.

"தெரியுமாக்கா?"

"தெரியாம என்ன தம்பி. சிலோன் ரேடியோவுல எந்நேரமும் போடுவான். நல்லாவே இருக்காது. இது வந்தாத்தான் நாங்க உலை வைக்க எந்திரிப்போம். பாதியிலயே எந்திரிச்சிருவோம். முழுசா ஒருநாளும் கேட்டதில்ல."

அண்ணாச்சி நோட்டைத் திரும்பத் திறந்து ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'களத்தில் உறுதியானது: கடைசிவரை கேட்டவர் எவரும் இலர்.'

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது சரணம் வந்தது, கேசட் அறுந்த இடமும் வந்தது. கார் ஒன்று வந்து நிற்க, அக்கா எழுந்து போனார். அண்ணாச்சி அமத்தினார்.